“எல்லாரும்தான்” என்பது ஒரு பதிலா? ஒரு தீவு, மூன்று சாவுகள்

வில்லியம் கோல்டிங் எழுதிய ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ நாவலைப் படித்த யாரிடமாவது, சைமனைக் கொன்றது யார் என்று கேட்டுப் பாருங்கள். “எல்லாரும்தான்” என்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு “மனுஷ சுபாவம், வேறென்ன” என்று ஒரு பெருமூச்சும் விடுவார்கள். கல்லூரியில் முதல் தடவை படித்தபோது நானும் இதையேதான் சொன்னேன், பரீட்சையிலும் எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. இப்போது அந்தப் பதிலைக் கேட்டால் எரிச்சலாக இருக்கிறது. அது பொய் இல்லை. ஆனால் “எல்லாரும்” என்று சொன்ன கையோடு எவனையும் தனியாக நிறுத்திப் பார்க்கிற வேலை நமக்கு மிச்சமாகிவிடுகிறது, அந்தச் சௌகரியம்தான் உறுத்துகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வெளியே ஒரு அணுப்போர் நடக்கிறது. சிறுவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போன விமானம் விழுந்து, ஆளில்லாத வெப்பமண்டலத் தீவு ஒன்றில் இங்கிலாந்துப் பையன்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். பெரியவர் ஒருத்தர்கூட இல்லை. மூத்தவர்களுக்கு 12 வயதிருக்கும், பொடியன்களுக்கு 6. ரால்ஃபைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், சங்கு எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் கூட்டத்தில் பேசலாம் என்று விதி வைக்கிறார்கள். குண்டான, ஆஸ்துமாக்காரனான, கண்ணாடி போட்ட பிக்கி யோசனை சொல்கிறவன். தேவாலயப் பாடகர் குழுவின் தலைவனாக வந்திறங்கிய ஜாக் வேட்டைக்காரனாகி, கடைசியில் தனிக் கூட்டம் சேர்த்துக்கொண்டு பிரிந்து போகிறான். சைமன் யாருக்கும் தொந்தரவு இல்லாத பையன், அவ்வப்போது மயங்கி விழுவான். ரோஜர் அதிகம் பேசமாட்டான், அவனைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தீவில் ஏதோ ஒரு மிருகம் இருக்கிறது என்ற பயம் பொடியன்களிடம் தொடங்கி எல்லாரையும் பிடித்துக்கொள்கிறது. முடிவில் ஒரு கடற்படை அதிகாரி வந்து இவர்களை மீட்கும்போது மூன்று பேர் செத்துப்போயிருக்கிறார்கள்.

கோல்டிங்குக்குப் பையன்களைப் பற்றித் தெரியாமல் எழுதிய கதை இல்லை இது. சாலிஸ்பரி நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் சேர்ந்து, 1944-இல் நார்மண்டித் தரையிறக்கத்தின்போது ராக்கெட் ஏவும் படகு ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி 1954-இல் ஃபேபர் வெளியீடாக வந்தது, 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போருக்கு முன்னால் சமூகத்தைச் சீர்செய்தால் மனிதன் சீராகிவிடுவான் என்று நம்பியிருந்ததாகவும், போருக்குப் பிறகு, தேனீ தேனை உண்டாக்குவது போல மனிதன் தீமையை உண்டாக்குகிறான் என்று புரிந்ததாகவும் பின்னாளில் எழுதினார். அந்தத் தேனீ உவமை பிரபலம். ஆனால் பாருங்கள், தேன் எடுத்ததற்காகத் தேனீயை யாரும் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க முடியாது. தீமையும் அப்படித்தான் என்றால் தீவில் செத்த மூன்று பேருக்கும் பதில் சொல்ல ஆளே இல்லை என்றாகிவிடும். கோல்டிங் கொடுத்த விளக்கத்தைவிட அவர் எழுதிய காட்சிகள் ரொம்பக் கறாரானவை, யார் என்ன செய்தான் என்பதை அவை விடாமல் குறித்துவைக்கின்றன என்பது என் எண்ணம்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு கருவி வேண்டும். அது கிட்டத்தட்ட அதே காலத்தில், போரில் தோற்ற நாட்டில், ஒரு தத்துவப் பேராசிரியரிடமிருந்து வந்தது. கார்ல் யாஸ்பர்ஸ் ஜெர்மானியர். யூதரான மனைவியை விட்டுப் பிரிய மறுத்ததால் நாஜிகள் காலத்தில், 1937-இல், பேராசிரியர் பதவியை இழந்தவர். போர் முடிந்ததும் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, ஜெர்மானியர்களின் குற்றம் என்ன என்ற கேள்வியைப் பற்றி உரையாற்றினார், அது 1946-இல் புத்தகமாக வந்தது. “ஜெர்மானியர் எல்லாரும் குற்றவாளிகள்” என்று ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள், “எங்களுக்கு எதுவுமே தெரியாது” என்று மறு பக்கம் முனகிக்கொண்டிருந்தார்கள். யாஸ்பர்ஸ் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, குற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு சங்கதிகள் கலந்துகிடக்கின்றன என்றார். சட்டத்தை மீறியது ஒன்று, அதை நீதிமன்றம் விசாரிக்கும். ஒரு நாட்டின் குடிமகனாக இருப்பதாலேயே அந்த நாடு செய்ததன் பலனைச் சுமக்க வேண்டிய அரசியல் பொறுப்பு இன்னொன்று. மூன்றாவது, நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் என் மனசாட்சி கேட்கும் கேள்வி. இங்கே “மேலிடத்து உத்தரவு” என்ற சாக்கு செல்லாது. நான்காவதுக்குப் பெயர் வைப்பது கஷ்டம், அவர் அதை மெய்ப்பொருள் சார்ந்த குற்றம் என்கிறார். என் கண்ணெதிரே ஒரு மனிதனைக் கொன்றார்கள், நான் இன்னும் உயிரோடிருக்கிறேன், நான் எதுவும் செய்யவில்லை என்றாலும் அந்த உயிரோடிருத்தலே கனக்கிறது, அதுதான்.

இதில் முக்கியமான விஷயம், அரசியல் பொறுப்பை ஒரு கூட்டத்தின்மேல் ஏற்றலாம், ஆனால் ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத முடியாது என்பதில் யாஸ்பர்ஸ் உறுதியாக இருந்தார். குற்றம் என்றால் அது ஆளாளுக்குத் தனித்தனி. சரி, இதை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போவோம்.

முதல் சாவை நிறையப் பேர் மறந்தே போகிறார்கள். முகத்தின் ஒரு பக்கம் முழுக்க மல்பெரிப் பழ நிறத்தில் மச்சம் உள்ள ஒரு பொடியன், வயது 6 இருக்கும். பாம்பு மாதிரி ஒரு மிருகத்தைப் பார்த்ததாக முதலில் சொன்னவன் அவன்தான். அன்றைக்கே மலை உச்சியில் தீ மூட்டினால் கப்பல்காரர்கள் புகையைப் பார்ப்பார்கள் என்று ரால்ஃப் சொல்ல, அவன் முடிப்பதற்குள் ஜாக் “வாங்கடா என் பின்னால்” என்று கிளம்ப, கூட்டம் ஓடுகிறது. பிக்கியின் கண்ணாடியைப் பிடுங்கித் தீ மூட்டுகிறார்கள். தீ கைமீறிக் கீழே காட்டில் இறங்குகிறது, எரிவதைப் பார்த்துக் கைகொட்டுகிறார்கள். அப்போது பிக்கிதான் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கிறான், அந்த மச்சக்காரப் பையன் எங்கே, அவனைக் காணோமே என்று. யாரும் வாயைத் திறக்கவில்லை. ரால்ஃப் வெட்கத்தோடு, ஒருவேளை திரும்பிப் போயிருப்பான் என்று முணுமுணுக்கிறான்.

இங்கே யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அஜாக்கிரதை. சட்டமும் அதற்கு ஒரு தனி இடம் வைத்திருக்கிறது, கவனமின்மையால் சாவு என்று. கவனமின்மைக்கும் அளவு உண்டு என்பதை அந்தக் காட்சியிலேயே பார்க்கலாம். தீ மூட்டலாம் என்றது ரால்ஃப், யோசிக்க நேரம் கொடுக்காமல் ஓட்டியது ஜாக், விறகைக் குவித்தது எல்லாரும், இவ்வளவு பெரிய தீ வேண்டாம் என்று கத்தியது பிக்கி ஒருவன். அவனிடமும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள், பொடியன்களின் பெயர்களை எழுதி எண்ணிக்கை எடு என்று. தனி ஆளாக எப்படி முடியும், அதுகள் ஒரு இடத்தில் நிற்கவே இல்லையே என்கிறான். அவன் சொல்வது நியாயம்தான். அவனைத் தனியாக விட்டுவிட்டு மலையேறி ஓடியவர்கள் மற்றவர்கள். இந்த எண்ணிக்கை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இரண்டாவது சாவுதான் சைமன். மலைமேல் இருப்பது மிருகமே இல்லை, பாராசூட்டில் செத்து விழுந்த ஒரு விமானியின் உடல் என்று அவன் ஒருவன்தான் போய்ப் பார்த்துக் கண்டுபிடிக்கிறான். அதைச் சொல்லத்தான் இருட்டில், புயலில், தவழ்ந்து கடற்கரைக்கு வருகிறான். அங்கே பன்றிக்கறி விருந்து முடிந்து, இடியும் மின்னலுமாக வானம் மிரட்ட, பையன்கள் வட்டமாக நின்று வேட்டை நடனம் ஆடுகிறார்கள். வட்டத்துக்குள் தவழ்ந்து வந்ததை மிருகம் என்று நினைத்துக் குத்தியும் கடித்தும் பிய்த்தும் கொன்றுவிடுகிறார்கள். சைமன் ஏதோ செத்த மனிதன், மலை என்று கத்திக்கொண்டேதான் இருக்கிறான். ரால்ஃபும் பிக்கியும்கூட அந்த வட்டத்தில் சேர்ந்திருந்தார்கள். விரும்பியே சேர்ந்தார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் தனியாக நிற்பதைவிடக் கூட்டத்துக்குள் நிற்பது பத்திரமாக இருந்தது. கூட்டத்தோடு கோவிந்தா என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வோமே, அதன் கோர முகம் இதுதான்.

என் விடுதி நாட்களில் பிறந்தநாள் என்றால் ‘பம்ப்ஸ்’ உண்டு. பிறந்தநாள்காரனை நாலு பேர் கை கால் பிடித்துத் தூக்க, மற்றவர்கள் வரிசையாக வந்து பின்பக்கத்தில் உதைப்பார்கள். ஒரு தடவை ஒரு பையனால் எழுந்து நிற்க முடியவில்லை, முதுகுத்தண்டுக்குக் கீழே அடி பட்டு நாலைந்து நாள் குப்புறப் படுத்தே கிடந்தான். வார்டன் எங்கள் இருபத்துச் சொச்சம் பேரையும் மாடி வராந்தாவில் வரிசையாக நிறுத்தி, யார்டா உதைச்சது என்றார். ஒவ்வொருத்தனும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: “நான் லேசாத்தான் சார் உதைச்சேன்.” நானும் அதையே சொன்னேன். அது பொய்யும் இல்லை, நான் லேசாகத்தான் உதைத்தேன், என் ரப்பர் செருப்பு அவன் கால்சட்டையில் பட்ட சத்தம்கூட இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் இருபது பேரும் லேசாக உதைத்திருந்தால் அவன் ஏன் குப்புறக் கிடந்தான்? வார்டனிடம் அந்தக் கணக்கு இல்லை. எல்லாருக்கும் ஒரே தண்டனை கொடுத்தார், மைதானத்தை ஐந்து சுற்று. ஓடி முடித்ததும் எங்களுக்கு மனசு லேசாகிவிட்டது, அவனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் நாவலில் கொலையைவிட அதற்கு மறுநாள் காலைக் காட்சி எனக்கு முக்கியம். ரால்ஃபும் பிக்கியும் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். ரால்ஃப் சொல்கிறான், அது கொலை என்று. பிக்கி பதறிப்போய், அப்படிப் பேசாதே, அப்படிப் பேசி என்ன பிரயோஜனம் என்கிறான். அதற்குப் பிறகு பிக்கி வரிசையாக எடுத்துவிடுகிற சமாதானங்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தால், உலகத்தில் எந்தக் கும்பல் கொலைக்குப் பிறகும் கேட்கக்கூடியவை அத்தனையும் அதில் இருக்கும். இருட்டாக இருந்தது. இடி, மின்னல், அந்தப் பாழாய்ப்போன நடனம். நாங்கள் பயந்துபோயிருந்தோம். ஒருவேளை அவன் சாகவில்லையோ, நடித்தானோ. அது ஒரு விபத்து. அவன் எதற்கு இருட்டில் அப்படித் தவழ்ந்து வர வேண்டும், கிறுக்குப்பயல், தானாகத் தேடிக்கொண்டது. கடைசியில், நாம் வட்டத்துக்கு வெளியேதான் இருந்தோம், எதுவும் செய்யவில்லை, எதையும் பார்க்கவில்லை. இதில் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண் பாருங்கள். எதையுமே பார்க்காதவனுக்கு அது விபத்து என்று எப்படித் தெரியும்?

ரால்ஃப் அதில் ஒன்றைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பயந்தோம் என்று பிக்கி சொன்னதற்கு அவன் மெதுவாக, நான் பயப்படவில்லை, நான் எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்கிறான். இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். பயத்தில் செய்தேன் என்றால் பாதிக் குற்றம் கழிந்துவிடும், அது கையில் இருந்தும் வேண்டாம் என்கிறான். பிறகு இரட்டையர்கள் சாமும் எரிக்கும் வருகிறார்கள். நாங்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டோம், களைப்பாக இருந்தது என்கிறார்கள். பிக்கியும் அதையே சொல்கிறான், ரால்ஃபும் ஒத்துக்கொள்கிறான். அப்போது சாம் நெற்றியில் இருக்கும் கீறலைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொள்கிறான், எரிக்கின் விரல் கிழிந்த உதட்டைத் தடவுகிறது. நாலு பேருக்கும் உண்மை தெரியும், நாலு பேரும் ஒரே பொய்யைச் சொல்கிறார்கள், ஒருத்தனும் மற்றவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. அடுத்த பக்கத்தில் ஜாக்கின் முகாமிலோ இவ்வளவு திணறல்கூட இல்லை. வந்தது மிருகம்தான், வேஷம் போட்டுக்கொண்டு வந்தது, மறுபடி வரும் என்கிறான் ஜாக். கேட்டவர்களுக்கும் அது தேவையாக இருக்கிறது.

இப்போது யாஸ்பர்ஸை இங்கே வைத்துப் பாருங்கள். கூட்டமாகச் சேர்ந்து செய்த கொலையைச் சட்டம் எப்படிப் பார்க்கும்? இந்தியச் சட்டத்தில் ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோத நோக்கத்தோடு கூடி, அந்தப் பொது நோக்கத்துக்காக ஒருவன் ஒரு குற்றம் செய்தால், அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருத்தனும் அதற்குப் பொறுப்பு. பழைய தண்டனைச் சட்டத்தில் 149-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 190. “நான் லேசாத்தான் சார்” அங்கே எடுபடாது. ஆனால் சைமன் விஷயத்தில் அந்தப் பொது நோக்கம் என்ன? ஒரு மிருகத்தைக் கொல்வது, அதுவும் நடனத்தில் நடிப்பாக. சைமனைக் கொல்வது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. வக்கீலுக்கு வாதாட இடம் இருக்கிறது. மனசாட்சிக்கு அப்படி இல்லை, அவன் கத்தினான், குரல் கேட்டிருக்கும், கேட்டும் கை நிற்கவில்லை. நான் சொல்லவந்தது இதுதான்: அந்த வட்டத்தில் இருந்தவர்களில் அநேகமாகக் குறைவாகச் செய்தவன் ரால்ஃப், அதைக் கொலை என்று பெயர் சொல்லி அழைக்கிறவனும் அவன் ஒருவன்தான். செய்த அளவுக்கும் உள்ளே குடையும் அளவுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. குற்றவுணர்வை வைத்து யார் குற்றவாளி என்று அளக்கப் போனால் தலைகீழான விடைதான் வரும். நல்லவன் நொந்துபோவான், மற்றவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவான்.

மூன்றாவது சாவு வேறு ஜாதி. தன் கண்ணாடியைத் திருடிக்கொண்டு போனவர்களிடம் நியாயம் கேட்கச் சங்கைக் கையில் பிடித்தபடி பிக்கி ஜாக் கூட்டத்தின் முகாமான பாறைக்கோட்டைக்குப் போகிறான். மேலே ரோஜர் ஒரு பெரிய பாறைக்கு அடியில் நெம்புகோலைக் கொடுத்து நிற்கிறான். தன் உடம்பின் கனம் முழுவதையும் அதன்மேல் போட்டு அழுத்துகிறான். பாறை பிக்கியைத் தள்ள, அவன் 40 அடி கீழே விழுந்து சாகிறான், சங்கும் சுக்குநூறாகிறது. இதில் இருட்டு இல்லை, இடி இல்லை, நடனம் இல்லை. பட்டப்பகலில், கீழே நிற்பது யார் என்று தெரிந்து, ஒரு கை செய்தது.

ரோஜரைக் கவனியுங்கள் என்று சொன்னேனே. கதையின் ஆரம்பத்தில் ஒரு சின்னக் காட்சி உண்டு. கடற்கரையில் விளையாடும் ஹென்றி என்ற பொடியனைச் சுற்றி ரோஜர் கல்லெறிகிறான், ஆனால் ஒன்றும் அவன்மேல் படாதபடி. ஹென்றியைச் சுற்றிச் சில கஜ தூரத்துக்கு ஒரு வட்டம், அதற்குள் எறிய அவன் கைக்கு வரவில்லை. அப்பா அம்மா, பள்ளிக்கூடம், போலீஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து அந்தக் கையைப் பிடித்துவைத்திருந்தன என்கிறார் கோல்டிங், அவையே வெளியே போரில் அழிந்துகொண்டிருந்த நேரத்தில். மனிதன் தேனீ மாதிரி என்று கட்டுரையில் எழுதியவரே கதையில் ஒரு பையனின் கையை அங்குலம் அங்குலமாகப் பின்தொடர்கிறார்: தள்ளி எறிந்த கை, பிறகு காவல் நின்றபோது விளையாட்டாகக் கல் விட்ட கை, பிறகு நெம்புகோல். ஒவ்வொரு படியிலும் அவன் நின்றிருக்கலாம். யாராவது நிறுத்தியும் இருக்கலாம்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அப்படியானால் ஜாக்? பிக்கியைக் கொல்லச் சொல்லி ஜாக் உத்தரவு கொடுக்கவே இல்லை. ஆனால் பாறை விழுந்த அடுத்த கணம் அவன் பாய்ந்து வந்து, பார்த்தாயா, உனக்கும் இதுதான், நான் இதைத்தான் நினைத்தேன் என்று ரால்ஃபைப் பார்த்து அலறுகிறான். தான் போடாத உத்தரவைப் போட்டதாகச் சொந்தம் கொண்டாடுகிறான். இது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை, ஏன் ஒருவன் தன்மேல் இல்லாத பழியை இழுத்துப் போட்டுக்கொள்வான் என்று. பிறகுதான் புரிந்தது, அது பழி இல்லை, அவனுக்கு அது அதிகாரம். எய்தவனும் அம்பும் என்ற பழமொழி இங்கே பாதிதான் பொருந்துகிறது, ஏனென்றால் இந்த அம்பு தானாகக் கிளம்பிப் போனது, எய்தவன் அது தைத்த பிறகு வந்து கையெழுத்துப் போட்டான். இரண்டு பேரும் முழுக் குற்றவாளிகள். ஒருவன்மேல் ஏற்றுவதால் மற்றவனுக்குக் குறைவதில்லை. குற்றத்தைத் தோசை மாதிரி பங்கு போடுகிற பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

இரட்டையர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைக் கட்டிப்போட்டு, அடித்து மிரட்டிச் சேர்க்கிறார்கள். ரால்ஃப் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் அவர்கள்தான். இதை நான் அதிகம் கிண்டமாட்டேன். வலி தாங்காத குழந்தைகள்.

குழந்தைகள் என்றதும்தான் இயல்பாக அடுத்த கேள்வி வரும்: இவர்களைப் போய்க் குற்றவாளி என்று பேசலாமா? சட்டம் இதற்கு வயதை வைத்துப் பதில் சொல்கிறது. நாவல் வந்த 1954-இல் இங்கிலாந்தில் 8 வயதுக்குக் கீழே இருந்தால் எந்தக் குற்றமும் சாட்ட முடியாது, 1963 சட்டத்துக்குப் பிறகுதான் அது 10 ஆனது. 14 வயது வரை, அந்தப் பிள்ளைக்கு அது தப்பு என்று தெரிந்தே செய்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்ற ஒரு காப்பும் இருந்தது, அதை 1998-இல் எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் 7 வயதுக்குக் கீழே குற்றம் இல்லை, 7-இலிருந்து 12 வரை, செய்ததன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லாவிட்டால் குற்றம் இல்லை. ஆக, மச்சக்காரப் பையனும் அவன் வயதுப் பொடியன்களும் எந்தக் கணக்கிலும் வெளியே. ரால்ஃப், ஜாக், ரோஜர் மாதிரியானவர்களுக்குக் கேள்வி ஒன்றுதான்: தப்பு என்று தெரியுமா? பிக்கி அவ்வளவு சமாதானம் சொன்னதே தெரியும் என்பதற்குச் சாட்சி. தெரியாதவன் சாக்குத் தேடமாட்டான்.

பசி, பட்டினி என்ற வாதமும் இங்கே கிடையாது. 1884-இல் மிக்னொனெட் என்ற படகு மூழ்கி, உயிர்காப்புப் படகில் தத்தளித்த மூன்று பேர், 17 வயது உதவியாளன் ஒருவன் நோயில் துவண்டு கிடந்தபோது அவனைக் கொன்று தின்று உயிர் பிழைத்தார்கள். அவர்களில் இருவர்மேல் வழக்கு நடந்தது. உயிர் பிழைக்க வேறு வழியில்லை என்பது கொலைக்குச் சமாதானம் ஆகாது என்று ஆங்கிலேய நீதிமன்றம் சொன்னது, ஆனாலும் மரண தண்டனை ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. கோல்டிங்கின் தீவில் பழம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பன்றி இருக்கிறது. யாரும் பசியால் யாரையும் கொல்லவில்லை. மிக்னொனெட் ஆட்களிடம் இருந்த சாக்குகூட இவர்களுக்கு இல்லை.

இதற்கு எதிராக இப்போதெல்லாம் உடனே ஒரு நிஜக் கதையை நீட்டுகிறார்கள். 1965-இல் டோங்கா நாட்டில் ஆறு பள்ளி மாணவர்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்பி, புயலில் சிக்கி, அட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள், 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் மீட்டார். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், சண்டை வந்தால் இரண்டு பேரும் விலகிப் போய்க் கோபம் ஆறி வந்தார்கள், ஒருவனுக்குக் கால் முறிந்தபோது கட்டுப் போட்டுக் குணமாக்கினார்கள். ஆகவே கோல்டிங் சொன்னது பொய் என்று முடிக்கிறார்கள். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. அவர்கள் ஆறு பேர், ஏற்கனவே நண்பர்கள், ஓரளவு விவரம் தெரிந்த வயது. சுமந்து திரிய ஆறு வயதுப் பொடியன்கள் யாரும் இல்லை. அந்தக் கதை வேறு ஒன்றைத்தான் காட்டுகிறது, ரோஜரின் கை நெம்புகோலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பதை. அது நாவலில் உள்ள பையன்களின் பொறுப்பைக் கூட்டத்தான் செய்கிறது.

பெரியவர்களையும் விடக்கூடாது. ரால்ஃபை வேட்டையாடத் தீவையே கொளுத்துகிறான் ஜாக், அந்தப் புகையைப் பார்த்துத்தான் கப்பல் வருகிறது. கரையில் வெள்ளைச் சீருடையோடு நிற்கும் அதிகாரி சிரித்துக்கொண்டே, என்ன, போர் விளையாட்டா, யாரும் சாகவில்லையே என்கிறார். பிரிட்டிஷ் பையன்கள் இதைவிட நன்றாக நடந்திருக்கலாமே என்று வருத்தம் வேறு. அவர் இடுப்பில் துப்பாக்கி, பின்னால் போர்க்கப்பல், அவரே இன்னொரு வேட்டையிலிருந்து வந்தவர்தான். குழந்தைகளை விமானத்தில் ஏற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது எந்தக் குழந்தையும் இல்லை. இதற்காகத் தீவில் நடந்தது கழிந்துவிடாது, ஆனால் யாஸ்பர்ஸின் இரண்டாவது கணக்கு, அந்த அரசியல் பொறுப்பு, அந்தச் சீருடைக்குத்தான் போகும்.

அதே கணக்கு ரால்ஃபுக்கும் ஒரு பங்கு வருகிறது, அதை அவன் தானே கேட்டு வாங்குகிறான். இங்கே தலைவன் யார் என்று அதிகாரி கேட்டதும் ரால்ஃப் உரக்க, நான்தான் என்கிறான். அத்தனை நாளாக ‘நானே தலைவன்’ என்று அலறிய ஜாக் ஒரு அடி முன்னால் வைத்து, மனம் மாறி, நின்றுவிடுகிறான். அதிகாரியின் கண்ணுக்கு அவன் ஒரு கிழிந்த கறுப்புத் தொப்பிச் சிறுவன், இடுப்பில் உடைந்த மூக்குக்கண்ணாடி தொங்குகிறது. பிக்கியின் கண்ணாடி அது. கோவலன் வழக்கில் பாண்டியன் தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொண்டான் என்று படித்திருக்கிறோம். ரால்ஃப் அவ்வளவு தூரம் போகவில்லை, அவனுக்கு 12 வயது. ஆனால் அதிகாரத்தின் பலன் எல்லாம் போன பிறகு அதன் கடனை மட்டும் ஏற்றுக்கொள்ள ஒருவன் முன்னால் வந்தான், பலனை அனுபவித்தவன் பின்னால் போனான்.

அவன்கூட ஒன்றைத் தவறவிடுகிறான். யாராவது செத்தார்களா என்ற கேள்விக்கு அவன் சொல்லும் பதில், இரண்டு பேர்தான் என்பது. மச்சக்காரப் பையன் அந்தக் கணக்கில் இல்லை. மொத்தம் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டால் தலையை ஆட்டுகிறான், தெரியாது. முதல் நாள் பிக்கியிடம் எழுதச் சொன்ன பட்டியல் கடைசி வரை எழுதப்படவே இல்லை. செத்த மூன்று பேரில் வாசகனுக்குப் பெயர் தெரிந்தது சைமன் ஒருவனை மட்டும். மச்சக்காரனை யாரும் பெயர் கேட்கவில்லை. பிக்கி என்பது பள்ளியில் வைத்த கேலிப்பெயர், அப்படி மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று அவன் ரால்ஃபிடம் நம்பிச் சொன்னதை, ரால்ஃப் சீக்கிரமே எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துச் சிரிக்க வைத்தான். உண்மைப் பெயர் என்ன என்று புத்தகம் முடியும் வரை ஒருவரும் கேட்பதில்லை.

இதே மீட்புக் காட்சியில் ஒரு பொடியன் அதிகாரிக்குப் பக்கத்தில் வந்து நிமிர்ந்து பார்க்கிறான். பெர்சிவல் வெமிஸ் மேடிசன். தீவுக்கு வந்த புதிதில் யார் கேட்டாலும் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி எண் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான், வீட்டில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இப்போது “நான்... நான்...” என்று ஆரம்பிக்கிறான். அதற்கு மேல் வரவில்லை.